மரத்த விரலில் ஒரு இழுப்பு

ஒரு வருடமாக எதையுமே உணராத விரலை ஏதோ ஒன்று சுண்டி இழுத்தது.

அய்யாதுரை முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்கிடங்கின் கரையில் உரச்சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஐப்பசித் தூறல் காலையிலிருந்து நசநசவென்று விழுந்துகொண்டிருந்தது. உருப்படியாகப் பெய்யவும் இல்லை, ஓயவும் இல்லை. எதிரே தண்ணீரில் தக்கை மிதந்தது. தூண்டில் நரம்பின் மறுமுனையை வலது கை ஆள்காட்டி விரலில் சுற்றி வைத்திருந்தான். மீன் கொத்துவது தெரிய வேண்டும் என்றுதான் எல்லோரும் விரலில் நரம்பைச் சுற்றுவார்கள். அவனுக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. அது வெந்து ஆறிய கை. சூடு, குளிர், முள், எறும்பு எதுவும் அதற்குத் தெரியாது. நரம்பைக் கட்ட ஒரு முளைக்குச்சி வேண்டும், அதற்கு அந்த விரல் போதும். மீன் கொத்துகிறதா என்பதைத் தக்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.

தக்கை அசையவில்லை. விரல்தான் இழுபட்டது.

நரம்பைச் சுருட்டிப் பார்த்தான். முள்ளில் மைதா உருண்டை வைத்தது வைத்தபடி இருந்தது. விரலைப் புரட்டிப் பார்த்தான். நரம்பு சுற்றிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு, அவ்வளவுதான். 'அந்தக் கையில நரம்பெல்லாம் செத்துப்போச்சுய்யா' என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது, அவனுக்கு வீட்டுப் பரணில் கிடந்த தூண்டில் நரம்புதான் ஞாபகத்துக்கு வந்தது. சிரிக்க வேண்டிய விஷயம். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அன்றிலிருந்து அப்படித்தான் இருந்தான்.

தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஒரு மாதம் லீவு. வேன்கள் வராது, மருந்து அடைக்கும் தகரச் செட்டுகள் பூட்டிக் கிடக்கும். அந்த ஒரு மாதமும் மழைக்காலம். கம்பெனிக்குப் பின்னால், முன்னொரு காலத்தில் பாறையை வெடிவைத்து எடுத்த கிடங்கில் தண்ணீர் ஏறும். செட்டுக் கழுவிய தண்ணீரும் மருந்துக் கழிவும் அதில்தான் போய்ச் சேரும் என்பதால், அதில் வளரும் ஜிலேபிக் கெண்டைகளின் விலாவில் ஒரு பளபளப்பு இருக்கும். வெயிலில் திருப்பினால் பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று வானவில் ஓடும். பார்க்க அழகு. தின்ன ஆள் கிடையாது. அய்யாதுரைக்கு அதில் ஒன்றும் கஷ்டமில்லை. எதைத் தின்றாலும் அவன் நாக்குக்கு ஒன்றுதான்.

எதிர்க்கரையில் 'தொளக்' என்று சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, தண்ணீருக்கடியில் இரும்பு பாறையை உரசும் சத்தம். சண்முகவேல் வந்துவிட்டான். அவன் கையில் இருந்தது தூண்டில் இல்லை, பாதாளக் கரண்டி. கிணற்றில் விழுந்த வாளியையும் குடத்தையும் எடுக்க, கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் வைத்த இரும்பு. அதில் நீளக் கயிற்றைக் கட்டித் தண்ணீரில் எறிவான், அடி தொட்டதும் மெல்ல இழுப்பான், மறுபடி எறிவான். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அதே வேலை.

"ஆப்புட்டுச்சாண்ணே?" என்று கேட்டான் அங்கிருந்து.

"ரெண்டு கெண்டை. ஒனக்கு?"

கேட்டபிறகுதான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது.

"ஒரு வாளி" என்றான் சண்முகவேல். "ஒரு செருப்பு. ஆம்பளச் செருப்பு."

சண்முகவேல் தேடியது அவன் மனைவி பொன்னுத்தங்கத்தை.

போன வருடம் இதே கம்பெனியில் தீபாவளிக்கு முந்திய வாரம் செட் வெடித்தது. ஆறு பெண்கள் உள்ளே இருந்தார்கள். அய்யாதுரை வாசலில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். ஓடிப்போய் எரியும் தகரக் கதவை வலது கையால் பிடித்து இழுத்தான். கதவு வந்தது. கையின் தோலும் கதவோடு போனது. உள்ளே இருந்த ஆறு பேரில் ஒருத்தி அவன் மனைவி யோகேஸ்வரி, இன்னொருத்தி பொன்னுத்தங்கம்.

ஐந்து உடல்கள்தான் கிடைத்தன. நான்கு பேரை மெட்டி, தாலி, கட்டுப்பல் என்று எதையாவது வைத்து வீட்டு ஆட்கள் அடையாளம் சொல்லிவிட்டார்கள். ஐந்தாவதில் எதுவும் மிஞ்சவில்லை. இடுப்பில், உடம்பு மடங்கி அழுந்திய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சேலைத் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. சுங்குடி. அய்யாதுரை கையில் கட்டோடு நின்றிருந்தான். "இதானாய்யா ஒன் பொண்டாட்டி?" என்று போலீஸ்காரர் கேட்டார். காலையில் யோகேஸ்வரி அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். "ஆமா" என்றான்.

பட்டாசுக் கம்பெனிக்குப் பருத்திச் சேலை கட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது சட்டம். அந்த வருட ஆயுத பூஜைக்கு முதலாளி எல்லாப் பெண்களுக்கும் ஒரே லோடில் வாங்கிய சுங்குடியைக் கொடுத்திருந்தார். ஒரே நிறம், ஒரே புள்ளி. பெண்கள் பேசிவைத்து அன்றைக்கு எல்லோரும் அதையே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், ஒரு குடும்பத்துக் கல்யாணம் மாதிரி. இது அய்யாதுரைக்கு நினைவு வந்தது மூன்று நாள் கழித்து. அதற்குள் ஊரார், "ஒரு தடவை வெந்தவளை மறுபடி எரிக்க வேண்டாம்" என்று சொல்லி, சுடுகாட்டு ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். திருப்பூரில் வேலை பார்த்த சண்முகவேல் வந்து இறங்கியபோது அவனுக்கென்று உடல் எதுவும் பாக்கி இல்லை. எரிந்துகொண்டே ஒருத்தி கிடங்குப் பக்கம் ஓடியதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். தீயணைப்பு ஆட்கள் இரண்டு நாள் தேடிவிட்டு, அடியில் பாறை இடுக்கு நிறைய இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாளும் தூறல். அய்யாதுரை நரம்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். சொல்ல வெட்கம், ஆனால் அந்த இழுப்பு மறுபடி வராதா என்றுதான் வந்திருந்தான். ஒரு வருடத்தில் அவன் உடம்பு உணர்ந்த ஒரே விஷயம் அது.

தண்ணீர் கறுப்பாக அசையாமல் கிடந்தது. கந்தக நெடி ஈரத்தோடு சேர்ந்து மூக்கின் அடியில் தங்கியது. தவளைச் சத்தம்கூட இல்லை. கம்பெனித் தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும், ஒன்று, பிறகு நெடுநேரம் கழித்து இன்னொன்று.

வந்தது. இந்தத் தடவை சுண்டவில்லை. யாரோ நுனியைப் பிடித்து, நிதானமாக, நேராக இழுத்த மாதிரி. விரல் நீண்டது. கணுவில் 'சொடக்' என்றது.

பிறகு, ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே, நரம்பை அவிழ்த்துச் சுண்டுவிரலில் சுற்றினான்.

சொடக்.

மோதிர விரல். சொடக். நடுவிரல். சொடக்.

வேன் வந்து இறக்கிவிட்டதும் யோகேஸ்வரி கைகால் கழுவிவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்காருவாள். நாள் முழுக்கப் பெட்டி தூக்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுப்பாள். கட்டைவிரல் மட்டும் அவளுக்கு மசியாது. இரண்டு தடவை இழுப்பாள், விட்டுவிடுவாள். "இதும் ஒங்களப் போலத்தான், அழுத்தமான வெரலு" என்பாள்.

கட்டைவிரலில் நரம்பைச் சுற்றினான். ஒரு தடவை இழுபட்டது. இன்னொரு தடவை. பிறகு விட்டுவிட்டது.

அய்யாதுரைக்கு நெஞ்சுக்குள் ஏதோ உடைந்து சூடாக ஓடியது. சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே பயமும் வந்தது. அவள் இங்கே இருக்கிறாள் என்றால், வருடம் பூராவும் அவள் பெயரைச் சொல்லி மண்ணுக்கு மாலை போட்டேனே, அங்கே கிடப்பவள் யார்? யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எதிர்க்கரையில் கரண்டி தொளக்கென்று விழுந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டுப் பத்திரகாளியிடம் மீன் கோவையை நீட்டினான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அந்தக் கெடங்கு மீனு வேண்டாந்தம்பி, கோவிச்சுக்கிடாதீக" என்றாள். "நீங்களும் திங்காதீக. அதுக எதத் தின்னு வளருதுன்னு யாருக்குத் தெரியும்?"

அன்றைக்குக் குழம்பு வைத்துச் சாப்பிட்டான். வானவில் ஓடிய தோலை முதலில் உரித்துத் தின்றான்.

அடுத்த நாள் சண்முகவேல் இந்தக் கரைக்கே வந்துவிட்டான். கயிற்றைத் தோளில் போட்டிருந்தான். தாடிக்குள் மழைத்துளி தங்கியிருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"கேளு."

"அன்னைக்கு நீங்க எதை வச்சு அடையாளம் சொன்னீக?"

அய்யாதுரை தக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சேலைய வச்சு."

சண்முகவேல் தலையை ஆட்டினான். கோபம் இல்லை. கோபப்படும் தெம்பெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்ட முகம்.

"எல்லாரும் அதே சேலைதானண்ணே" என்றான். "மல்லாங்கிணத்துல அவுக அம்மா சோறு எறங்காமக் கெடக்கு. தங்கம் தண்ணியிலயா, மண்ணுலயா, எங்கன இருக்கான்னு தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். இன்னைக்கு இந்தப் பக்கம் போட்டுப் பாக்கேன். ஆப்புடலைன்னா இனி வர மாட்டேன்."

அவன் கரண்டியைச் சுழற்றி எறிந்தான். அய்யாதுரையின் தக்கைக்கு அருகில் அது விழுந்து மூழ்கியது. அந்த நொடியே அய்யாதுரையின் விரலைக் கீழே இருந்து யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். இழுப்பு இல்லை. பிடி. விடாதே என்கிற பிடி.

"மாட்டிருச்சுண்ணே. கனமா இருக்கு. ஒரு கை குடுங்க."

கை கொடுக்காமல் எப்படி இருப்பது? இரண்டு பேரும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். அடியில் ஏதோ பாறையை விட்டு வர மனமில்லாமல் வந்தது. தண்ணீர் கலங்கியது. முதலில் புள்ளிகள் தெரிந்தன. அரக்கு நிறம் வெளுத்து மண் நிறமாகியிருந்தது, வெள்ளைப் புள்ளிகள் மட்டும் அப்படியே. பிறகு முடி. பிறகு கை. தண்ணீர் ஒரு வருடம் ஊறவைத்த கை, சோப்புக்கட்டி மாதிரி வெளுத்து வழவழவென்று இருந்தது. முகத்தை மீன்கள் எப்போதோ முடித்துவிட்டிருந்தன.

அந்தக் கையின் ஐந்து விரல்களிலும் தூண்டில் நரம்பு ஒழுங்காகச் சுற்றியிருந்தது. அதன் மறுமுனை அய்யாதுரையின் விரலில் இருந்தது.

சண்முகவேல் அதைக் கவனிக்கவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, முகம் இருந்த இடத்தைப் பார்த்தான். ஒரு சத்தமும் போடாமல் அழுதான். பிறகு நிமிர்ந்தான்.

"தங்கந்தானண்ணே?"

இல்லை என்று ஒரு வார்த்தை. சொல்லிவிடலாம். சொன்னால் அங்கே மண்ணைத் தோண்டுவார்கள். இவனுக்குக் கொடுக்க அங்கே கரியைத் தவிர ஒன்றும் இருக்காது. இங்கே இவனுக்கு ஒரு கை இருந்தது, பிடித்துக்கொண்டு அழ. அய்யாதுரை விரலிலிருந்து நரம்பைக் கழற்றினான்.

"ஆமாய்யா" என்றான்.

போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் முடிய இரண்டு நாள் ஆனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. காணாமல் போனது ஒருத்தி, கிடைத்தது ஒருத்தி, கணக்கு நேராகிவிட்டது. மல்லாங்கிணற்றிலிருந்து பொன்னுத்தங்கத்தின் அம்மா வந்து, "தங்கம், தங்கம்" என்று பெயர் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டு அழுதாள். இங்கேயே சுடுகாட்டு ஓரத்தில், யோகேஸ்வரி என்று பெயர் வைத்த மண்ணுக்குப் பக்கத்து மண்ணில் புதைத்தார்கள். அய்யாதுரையும் மூன்று கைப்பிடி மண் போட்டான். உள்ளே கிடந்தவளை ஒரு தடவைகூட அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அது மட்டும் அவனை அறுத்தது. பெயர் சொல்லிக் கூப்பிடாமலே அவளை இரண்டு தடவை கைகழுவிவிட்டோம் என்று தோன்றியது.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். விளக்கு வைக்கும் நேரம். மழை கொஞ்சம் கூடியிருந்தது. கரண்டு குறைந்து பல்பு செம்பழுப்பாக எரிந்தது. பத்திரகாளி வீட்டு டிவியில் யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேன் வருகிற நேரம் இது, என்று நினைத்துக்கொண்டான். கம்பெனி லீவு, வேன் கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

வலது கைச் சுண்டுவிரலை யாரோ எடுத்தார்கள்.

நரம்பு இல்லை. தண்ணீர் இல்லை. ஈரமான, குளிர்ந்த, மெத்தென்ற விரல்கள். குளிர்ச்சி தெரிந்தது. செத்த கையில் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். சொடக். மோதிர விரல். சொடக். கிடங்கின் நெடி வீட்டை நிறைத்தது. தொடையில் ஈரத் துணி உரசியது. பயந்திருக்க வேண்டும். பயமாக இல்லை. வருடம் முழுக்க நெஞ்சில் இறுகிக் கிடந்தது இளகி, அழுகையாகவே வந்துவிட்டது.

"யோகேசு" என்று கூப்பிட்டான், வாய் நிறைய.

"ம்" என்று பதில் வந்தது.

பக்கத்திலிருந்து வரவில்லை. வாசலிலிருந்து வந்தது.

அய்யாதுரை கண்ணைத் திறந்தான்.

வலது பக்கத்தில் அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் கை அவள் மடியில். அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க அங்கே வாய் இல்லை.

வாசலில் இன்னொருத்தி நின்றிருந்தாள்.

அவள்மேல் மழை விழுந்தது, ஆனால் நனையவில்லை. கறுப்பு. தலை முதல் கால்வரை கறுப்பு. இடுப்பில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, அரக்கு. வெள்ளைப் புள்ளி.

வருடம் பூராவும் அந்தப் பெயரைச் சொல்லி அவளுக்குத்தான் மாலை போட்டிருந்தான். அந்தப் பெயரைச் சொல்லி அவளுக்குத்தான் சோறு படைத்திருந்தான். வேறு யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிடவில்லை. சண்முகவேல்கூட, இன்றைக்கு, வலது பக்கத்தில் இருப்பவளைத்தான் தங்கம் என்று கூப்பிட்டு அழுதான்.

அவள் உள்ளே வந்தாள். காலடியில் கரி உதிர்ந்தது. இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். பழகிய மாதிரி உட்கார்ந்தாள்.

அவனுடைய நல்ல கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சுண்டுவிரல். சொடக். அதில் உணர்ச்சி அணைந்தது.

மோதிர விரல். சொடக். அணைந்தது.

வலது பக்கத்துப் பிடி இறுகியது. நசுங்கும் அளவுக்கு இறுகியது. அந்த வலி மட்டும் தெரிந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். யாரைப் பார்த்துச் சொல்வது?

நடுவிரல்.

"யோ…" என்றான்.

கறுப்புத் தலை ஆவலோடு நிமிர்ந்தது.

"ம்?"